ஷினோன் சிவப்பு ஒயினில் குடைமிளகாய் வாசம்: பழுதா, குணமா?

கேள்வி, 3 பிப்ரவரி

ஷினோன் 2021 ஒன்று திறந்தேன், பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு ஒயின். முகர்ந்த உடனே பச்சைக் குடைமிளகாயை நறுக்கின வாசம். வாயில் புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, உடம்பு மெலிசு. கூட வைத்தது மிளகு தூக்கலாகப் போட்டு நெருப்பில் நன்றாகக் கருக்கிய மாட்டு ஸ்டேக். இரண்டு வாய்க்குப் பிறகு ஒயின் இருந்த இடமே தெரியவில்லை, கசப்பு மட்டும் நின்றது. பாட்டில் கெட்டதா? பிரான்சின் இன்னொரு ஒயின் ஊரான போர்தோ மாதிரி இருக்கும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இதற்கு என்ன சாப்பாடு சேரும்?

3 பிப்ரவரி, இரவு

கெடவில்லை. நீங்கள் முகர்ந்தது கபெர்னே ஃப்ரான் திராட்சையின் சொந்த வாசம். மெதாக்ஸிபைரசின் வகையைச் சேர்ந்த ஒரு சேர்மம்தான் காரணம். குடைமிளகாயில் இருப்பதும் இதே சேர்மம்தான், அதனால் இது வெறும் உவமை இல்லை. சிவப்பு ஒயினில் லிட்டருக்குச் சுமார் 15 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

ஆண்டையும் பாருங்கள். 2021 ஏப்ரலில் லுவார் பள்ளத்தாக்கில் உறைபனி அடித்தது, கோடையும் குளிர்ச்சி. பழம் மெதுவாகத்தான் பழுத்தது. இந்தச் சேர்மம் காய் பச்சையாக இருக்கும்போது சேர்ந்து, பழுக்கப் பழுக்கக் குறையும். குளிர்ந்த ஆண்டில் குறைவது பாதியில் நின்றுவிடும். 2018, 2020, 2022 பாட்டில்களில் இதே தோட்டத்து ஒயின் ராஸ்பெர்ரி, செர்ரி, வயலட் பூ என்று பேசும், பச்சை வாசம் பின்னால் ஒரு கோடு மாதிரிதான் இருக்கும்.

கொஞ்ச நாள் வைத்துக் குடியுங்கள், பத்து ஆண்டில் அந்த வாசம் போய்விடும்.

ஸ்டேக்தான் தப்பு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

நேற்று எழுதியதில் கடைசிக்கு முந்தைய வரி தவறு. திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சேர்மம் பாட்டிலுக்குள் அவ்வளவாகச் சிதையாது. பத்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். மாறுவது சுற்றியிருப்பவை. இளம் பழ வாசம் அடங்கி, ஈர மண், உலர்ந்த இலை, பென்சில் சீவல், அதிமதுரம் மேலே வருகின்றன. அவற்றோடு சேரும்போது பச்சை வாசம் தனியாகத் துருத்தாமல் மூலிகை மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. பழச்சாரம் உள்ள பாட்டிலுக்குத்தான் இது நடக்கும். சாரமே இல்லாத பாட்டிலைப் பத்து ஆண்டு வைத்தால் பழம் போய்விடும், குடைமிளகாய் நிற்கும். உங்கள் 2021 மெலிசு என்கிறீர்கள். அடுக்கி வைக்காதீர்கள், இரண்டொரு ஆண்டுக்குள் குடித்துவிடுங்கள்.

4 பிப்ரவரி, மதியம்

> "பழுது இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்? முகராமலே?"

நியாயமான கேள்வி. கிளாஸை வைத்துக்கொண்டே பிரித்துவிடலாம்.

நறுக்கிய குடைமிளகாய், பட்டாணித் தோல், தக்காளி இலை: சுத்தமான, புதிய பச்சை வாசம். கிளாஸைச் சுழற்றினாலும் அரை மணி விட்டாலும் அப்படியே இருக்கும். இது குணம்.

அவித்த முட்டை, ரப்பர்: காற்றில்லாமல் அடைபட்டதால் வரும் கந்தக வாசம். வேகமாகச் சுழற்றினால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் கொஞ்சம் ஒயினைத் தனிக் கிளாஸில் ஊற்றி, சுத்தமான செம்புக் கம்பித் துண்டால் அரை நிமிடம் கலக்கிப் பாருங்கள். வாசம் மறைந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சோதித்த கிளாஸைக் கொட்டிவிட்டு, மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காற்றாட விடுங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள், கூடவே பழ வாசமே காணோம்: தக்கை கெட்டது. காற்றுபட்டால் இன்னும் மோசமாகும். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

குதிரை லாயம், மருந்துப் பிளாஸ்திரி: பிரெட்டனோமைசீஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. பழைய பீப்பாய்களைச் சரியாகக் கழுவாத இடத்தில் வரும். லேசாக இருந்தால் தோல் பொருள் வாசம் போல என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை; எந்த ஊர் ஒயினையும் ஒரே ஊர் ஒயினாக்கிவிடும் வாசம் அது.

5 பிப்ரவரி

கடைக்காரர் "போர்தோ மாதிரி" என்றது பாதி உண்மை. 1997-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனையில் தெரிந்தது: கபெர்னே ஃப்ரானும் சோவிஞ்யோன் பிளானும் சேர்ந்து பிறந்ததுதான் கபெர்னே சோவிஞ்யோன். போர்தோவின் புகழ்பெற்ற அந்தத் திராட்சைக்கு உங்கள் கபெர்னே ஃப்ரான் பெற்றோர். போர்தோவின் இன்னொரு திராட்சையான மெர்லோவுக்கும் ஒரு பக்கம் பெற்றோர் இதுவே. ஆக ஜாடை இருக்கும். ஆனால் போர்தோவில் இது பெரும்பாலும் கலவையில் ஒரு பங்கு. ஷினோனில் இதுவே எல்லாம்; சட்டப்படி கபெர்னே சோவிஞ்யோன் 10% வரை சேர்க்கலாம், பலர் சேர்ப்பதில்லை. புதுப் பீப்பாயின் வனிலா வாசமும் குறைவு. போர்தோவை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உள்ளூரில் இந்தத் திராட்சையின் பெயர் "பிரெத்தோன்". ரிஷ்லியூ கர்தினாலின் காரியஸ்தரான பிரெத்தோன் என்ற பாதிரியார் நட்டதால் அந்தப் பெயர்.

5 பிப்ரவரி, சற்றுப் பிறகு

> "ரிஷ்லியூ பிறந்ததே 1585. ரபலே அதற்கு முன்பே 'பிரெத்தோன் ஒயின்' என்று எழுதியிருக்கிறாரே அண்ணா?"

சரிதான் தம்பி, பாதிரியார் கதை நிற்காது. ஷினோன் பக்கத்து ஊர்க்காரரான எழுத்தாளர் ரபலே, 1530-களில் வந்த 'கர்கான்துவா' என்ற கதை நூலில், இந்த நல்ல பிரெத்தோன் ஒயின் வடமேற்கே உள்ள பிரெத்தாஞ் நாட்டில் விளைவதில்லை, வெரோன் பூமியில்தான் விளைகிறது என்று சொல்கிறார். வெரோன் என்பது வியென் ஆறு லுவாரில் கலக்கும் முன் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம். பொமோன்-ஆன்-வெரோன், சவிஞ்யி-ஆன்-வெரோன் ஊர்கள் இன்றும் ஷினோன் எல்லைக்குள் இருக்கின்றன. பிரெத்தாஞ் துறைமுகமான நான்த் வழியாகக் கொடி வந்ததால் அந்தப் பெயர் ஒட்டியது என்ற விளக்கம்தான் பொருந்துகிறது. அந்தப் பாதிரியார் பின்னாளில் கொடி நட்டிருக்கலாம், பெயர் அவருக்கு முந்தியது.

7 பிப்ரவரி

சாப்பாட்டுக்கு வருமுன் மண். இதைத் தவிர்த்துவிட்டு ஷினோனுக்கு ஜோடி தேட முடியாது.

வியென் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம் மணலும் சரளையும். சீக்கிரம் சூடாகும், நீர் நிற்காது. அங்கே வரும் ஒயின் இலேசு, துவர்ப்பு குறைவு, அறுவடைக்குப் பின் இரண்டு முதல் நான்கு ஆண்டுக்குள் குடிக்க வேண்டியது. மேலே சரிவுகளில் துஃபோ என்ற மஞ்சள் சுண்ணாம்புக் கல், அதன்மேல் களிமண். லுவார் கரைக் கோட்டைகள் பலவற்றைக் கட்டியது துஃபோ கல்லால்தான். கல் வெட்டிய குகைகளே இன்றைக்கு ஒயின் நிலவறைகள், ஆண்டு முழுக்கச் சுமார் 12 டிகிரி. அந்தச் சரிவில் விளைவது இறுக்கமாக, துவர்ப்பாக, பத்து இருபது ஆண்டு தாங்குவதாக வரும். இரண்டுக்கும் லேபிளில் ஒரே பெயர்: ஷினோன். 1937 முதல் ஒரே அப்பெலாசியோன், அதாவது சட்டம் காக்கும் ஒரே ஊர்ப்பெயர். மண்ணை எழுதவேண்டிய கட்டாயம் இல்லை.

பின் எப்படிக் கண்டுபிடிப்பது? தோட்டத் துண்டின் பெயரைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் தனியாக அடைக்கும் பழக்கத்தை இங்கே நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஷார்ல் ஜொகே. ஓவியரும் சிற்பியுமாக இருந்தவர், 1957-ல் குடும்பத் தோட்டத்தை ஏற்றார். அவர் பெயர்கொண்ட தோட்டத்தின் 'க்ளோ த லா தியோத்ரி', 'க்ளோ து ஷேன் வேர்' இரண்டும் நாள்பட வைப்பவை. ஓல்கா ரஃபோ தோட்டத்தின் 'லே பிகாஸ்' களிமண், சுண்ணாம்பு நிலத்து ஒயின். பெர்னார் போத்ரி தோட்டத்தில் 'லே கிராஞ்' சரளை மணல், 'லா குருவா புவாஸே' சுண்ணாம்புச் சரிவு. ஒரே வீட்டின் அந்த இரண்டு பாட்டில்களை அடுத்தடுத்துக் குடித்தால் நான் மேலே எழுதியது எல்லாம் ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

'வியேய் வீஞ்', அதாவது முதிய கொடி, என்ற சொல்லை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். எத்தனை வயதானால் முதுமை என்று சட்டத்தில் வரையறை கிடையாது.

8 பிப்ரவரி

இப்போது ஸ்டேக். துவர்ப்பு என்பது டானின் நம் எச்சிலின் புரதத்தைப் பிடித்து இழுப்பது. பாக்கு மென்றால் வாய் உலர்கிறதே, அதே சங்கதி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினை வாங்கிக்கொண்டால் துவர்ப்பு மென்மையாகும். அதனால்தான் "சிவப்புக்கு மாட்டிறைச்சி" என்கிறார்கள். ஆனால் உங்கள் பாட்டிலில் துவர்ப்பே குறைவு, இருந்ததையும் இறைச்சி வாங்கிக்கொண்டது, மிஞ்சியது புளிப்பு. கரிந்த மேல்தோலின் கசப்பும் மிளகின் எரிப்பும் அதன்மேல் ஏறின. மெலிந்த ஒயின் வேறென்ன செய்யும்?

மிளகாயும் அப்படியே. காரம் நாவில் எரியும்போது ஆல்கஹாலும் துவர்ப்பும் இன்னும் எரிச்சலாகத் தெரியும். உப்பு நேர்மாறு, கசப்பைக் குறைக்கும். ஆகவே இலேசான ஷினோனுக்கு விதி: உப்பும் மென்மையான கொழுப்பும் வேண்டும், கரியும் காரமும் வேண்டாம்.

அந்த விதிக்கு அச்சாகப் பொருந்துவது, ஷினோன் இருக்கும் துரேன் நாட்டு ரியெத். பன்றி இறைச்சியைச் சொந்தக் கொழுப்பில் நெடுநேரம் வேகவைத்து நாராகப் பிய்த்தது. 'ரியெத் த தூர்' 2013 முதல் புவிசார் பாதுகாப்புப் பெற்ற பெயர்; ஐந்தரை முதல் 12 மணி நேரம் வேகவேண்டும் என்று விதி. வீட்டில் செய்ய: தோள் இறைச்சியும் வயிற்றுப் பகுதியும் கலந்து 1 கிலோ, 5 சென்டிமீட்டர் துண்டுகள். பன்றிக் கொழுப்பு 300 கிராம், உப்பு 16 கிராம், ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின், தைம், பிரிஞ்சி இலை. முதலில் துண்டுகளைப் பொன்னிறமாகச் சிவக்க வையுங்கள், நிறமும் மணமும் அதில்தான். பிறகு மிகச் சிறு தீயில் ஆறு மணி நேரம். கொழுப்பு கொதிக்கக் கூடாது, சோம்பலாக ஒரு குமிழ் வந்தால் போதும். கொதித்தால் இறைச்சி நார் இறுகி உலர்ந்துவிடும். கடைசியில் முள்கரண்டியால் பியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசை.

பரிமாற அரை மணி முன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். உறைந்த கொழுப்பு நாவில் மெழுகாகப் படிந்துகொண்டால் எந்த ஒயினும் வெறும் புளித் தண்ணீர்தான்.

8 பிப்ரவரி, இரவு

ஸ்டேக்கே கூடாது என்று படித்துவிடாதீர்கள். துஃபோ சரிவு ஒயின், நல்ல வெயில் ஆண்டு, ஐந்தாறு வயது என்றால் மாட்டிறைச்சி தாராளமாகச் சேரும். துண்டு மட்டும் மாறட்டும். கொழுப்பு வரிகள் ஓடும் விலா வேண்டாம். 'ஒங்லே' என்ற உதரவிதானத்தை ஒட்டிய துண்டு, வெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயத்தோடு. அதன் ஈரல் சாயலான சுவைக்கு ஷினோனின் பென்சில் சீவல் வாசம் அப்படி ஒட்டும். மிளகை இடித்து மேலே அப்பாமல், இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை.

10 பிப்ரவரி

> "14 டிகிரியில் குடிக்கச் சொல்லி வேறெங்கோ படித்தேன். அப்படிச் செய்தால் கசக்கிறது."

எந்தப் பாட்டில்? மணல் நில ஒயின் என்றால் 14 சரி. சரிவு ஒயினுக்கு 14 குறைவு. குளிர்ச்சியில் பழ வாசம் ஒடுங்கும், துவர்ப்பும் கசப்பும் கூர்மையாகும். அதற்கு 16, 17. எதையும் 20-க்கு மேல் விடாதீர்கள், ஆல்கஹால் மூக்கில் ஏறும்.

வெயில் ஊரில் "அறை வெப்பம்" என்ற சொல்லே பயன்படாது. 28, 30 டிகிரி அறையிலிருந்து எடுத்த பாட்டிலைப் பாதி ஐஸ் பாதி தண்ணீரில் கழுத்துவரை முக்கினால் கால் மணியில் வேலை முடியும். வெறும் ஐஸ் கட்டியில் புதைத்தால் நேரமாகும், கட்டிகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. குளிர்பெட்டியில் இரவு முழுக்க இருந்ததென்றால் வெளியே எடுத்து அரை மணி கழித்து ஊற்றுங்கள்.

காற்றாட விடுவது: இளம் சரிவு ஒயினை அகன்ற பாத்திரத்துக்கு மாற்றி ஒரு மணி. மணல் ஒயினுக்குத் தேவையில்லை. 15 ஆண்டு தாண்டிய பாட்டிலை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து வண்டல் இறங்கவிட்டு, அசைக்காமல் ஊற்றுங்கள், அவ்வளவுதான். பாத்திரம் மாற்றினால் இருக்கிற கொஞ்ச வாசமும் பறந்துவிடும்.

13 பிப்ரவரி

கோழி. சேவலைச் சிவப்பு ஒயினில் சமைப்பது பிரான்சில் பல ஊர்களின் உரிமை; துரேனில் ஷினோன் ஊற்றுகிறார்கள். 1.8 கிலோ கோழி எட்டுத் துண்டு, மணல் நிலத்து இளம் ஷினோன் ஒரு பாட்டில், புகையிட்ட பன்றி வயிறு 150 கிராம், சின்ன வெங்காயம் 15, பட்டன் காளான் 200 கிராம், இரண்டு கேரட், இரண்டு பல் பூண்டு, தைம், பிரிஞ்சி இலை. சாதாரணக் கோழிக்கு 50 நிமிடம், உண்மையான முதிர்ந்த சேவலுக்கு இரண்டரை, மூன்று மணி. சாறைப் பாதியாகச் சுண்ட வைத்து, 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மாவு பிசைந்து கரைத்து இறக்குங்கள்.

15 பிப்ரவரி

> "செய்தேன். சாறு கத்தரிப்பூ நிறத்தில், புளித்துக் கசந்தது."

சுண்ட வைக்கச் சொன்னதை நான் சரியாக எழுதவில்லை. ஷினோன் பர்கண்டி ஊர்ச் சிவப்பு ஒயினை விடப் புளிப்பு தூக்கல். தண்ணீர் ஆவியாகும்போது புளிப்பும் துவர்ப்பும் அங்கேயே இருந்து செறிகின்றன. ஒயினை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் திறந்து கொதிக்க வையுங்கள், ஆல்கஹால் போகட்டும். பிறகு 300 மில்லி உப்பில்லாத கோழிச் சாறு சேர்த்துக் கோழியை வேகவையுங்கள். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும், பாதி வேண்டாம். கேரட்டும் வெங்காயமும் முதலிலேயே நன்றாகச் சிவக்க வதங்கியிருந்தால் அந்த இனிப்பு புளிப்பைத் தாங்கும்.

நிறத்துக்கு: பச்சை மாவுதான் ஊதாவாக்குகிறது. மாவை வெறும் சட்டியில் பழுப்பாகும்வரை வறுத்துப் பிசையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பில் உலோக ருசி இறங்கும். புதுப் பீப்பாய் வாசம் உள்ள ஒயினும் வேண்டாம், சுண்டினால் மரக்கசப்பு.

மேசையில் குடிக்க அதே ஊரின் சரிவு ஒயினை வையுங்கள். சட்டியில் ஊற்றிய அதே பாட்டில்தான் மேசைக்கும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

18 பிப்ரவரி

> "மீன்?"

இங்கே கவனம். 2009-ல் வந்த ஜப்பானிய ஆய்வொன்று, கடல் உணவோடு ஒயின் குடித்தால் வரும் கவிச்சு ருசிக்கு ஒயினில் உள்ள இரும்பு காரணம் என்று காட்டியது. இரும்பு கூடுதலாக உள்ள ஒயினில் கவிச்சு அதிகம், நிறம் எதுவானாலும். சிவப்பில் இரும்பு பொதுவாகக் கொஞ்சம் கூடுதல், ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். எண்ணெய் மிகுந்த கடல் மீனை விட்டுவிடுங்கள்.

துரேனில் ஆற்று விலாங்கைச் சிவப்பு ஒயினிலேயே, உலர்ந்த பிளம் பழம் போட்டுக் குழம்பாக வைக்கிறார்கள். அதற்கு ஷினோன் சேருகிறது. ஒயின் குழம்பிலேயே இருக்கிறது, பழத்தின் இனிப்பும் கொழுப்பும் இடையில் நிற்கின்றன. வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்று மீனுக்கு வெள்ளைதான். ஷினோனிலேயே ஷெனான் திராட்சையில் செய்த வெள்ளை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

21 பிப்ரவரி

பாலாடைக்கட்டி கேட்டவருக்கு. சென்த்-மோர் த துரேன், அந்த ஊர் ஆட்டுப்பால் கட்டி: நீள உருளை, மேலே சாம்பல், நடுவில் ஒரு ரை வைக்கோல். பத்து நாளில் விற்பனைக்கு வரும். அப்போது தயிர்ப் புளிப்பு, சிவப்போடு சண்டை போடும். மூன்று வாரம் ஆனதை வாங்குங்கள். உள்ளே இறுகி, முந்திரிப் பருப்பின் சாயல் வந்திருக்கும். அதற்கு 14 டிகிரியில் மணல் நில ஷினோன். வைக்கோலை வெட்டுமுன் உருவி எடுங்கள். சரிவு ஒயினை இதோடு வைக்காதீர்கள். ஆட்டுப்பால் கட்டியில் டானின் சுண்ணாம்பு மாதிரி வாயில் ஒட்டுகிறது.

24 பிப்ரவரி

> "குடைமிளகாய் வாசத்தைத் தோட்டத்திலேயே குறைக்க வழியில்லையா?"

உண்டு, அதைத்தான் செய்கிறார்கள். பிஞ்சு பிடித்ததும் கொத்தைச் சுற்றியுள்ள இலையைக் காலை வெயில் படும் பக்கம் கிள்ளிவிடுகிறார்கள். காய் பச்சையாக இருக்கும்போதே வெளிச்சம் பட்டால் சேர்மம் சேருவதே குறையும். நிறம் மாறிய பிறகு கிள்ளினால் பலன் சொற்பம். மாலை வெயில் பக்கம் கிள்ளினால் பழம் வெந்துவிடும். கொத்தில் இந்தச் சேர்மம் அதிகம் இருப்பது காம்பில், அடுத்து விதையிலும் தோலிலும், சதையில் மிகக் கொஞ்சம். அதனால் காம்பைச் சுத்தமாகப் பிரித்த பிறகே தொட்டிக்குப் போகும். தொட்டிக்குள் போனபின் அதை எடுக்க எளிய வழி இல்லை.

முழுதும் ஒழிக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மிகவும் பழுக்கவிட்டுப் பறித்த வெயில் ஆண்டு ஷினோன்கள் சில வெறும் செர்ரி ஜாமாக இருக்கின்றன. கண்ணை மூடிக் கொடுத்தால் எந்த ஊர் என்று சொல்ல முடியாது.

2 மார்ச்

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்:

> "இன்னொரு 2021 இருந்தது. ஐஸ் தண்ணீரில் கால் மணி, ரியெத், சுட்ட ரொட்டி, வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரி. அதே குடைமிளகாய் வாசம்தான், ஆனால் பிடித்தது. வெள்ளரியோடு மட்டும் ஒயின் தட்டையாகிவிட்டது."

வினிகர். ஒயினின் புளிப்பை விடத் தட்டின் புளிப்பு மேலே போனால் ஒயின் தட்டையாகத்தான் தெரியும். வெள்ளரியை ஒரு நிமிடம் தண்ணீரில் அலசித் துடைத்து, மெல்லிய வட்டமாக நறுக்கி ரியெத்துக்கு அடியில் வையுங்கள், மேலே வேண்டாம்.